பம்பிங் 28-லிருந்து 41: இதயத்துக்கு ஸ்டெம் செல் என்ற நோட்டீஸுக்கு என்ன பதில் சொல்வது?

மன்னை மருந்துக்கடை

ஒரு மாதமாக மன்னார்குடி, முத்துப்பேட்டை பக்கம் வழவழப்பான நோட்டீஸ் ஒன்று சுற்றுகிறது. ஹார்ட் ஃபெயிலியருக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டு எக்கோ (இதய ஸ்கேன்) படங்கள் போட்டிருக்கிறது. பம்பிங் என்பது, ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. முதல் படத்தின் கீழே "பம்பிங் 28%", இரண்டாவதன் கீழே "மூன்று மாதத்தில் 41%". கூடவே நாலு வரி: இடுப்பு எலும்பிலிருந்து உங்கள் ஸ்டெம் செல்லையே எடுத்து இதயத்தில் செலுத்துகிறோம். செத்த தசை மீண்டும் வளரும். சொந்த செல் என்பதால் பக்கவிளைவு கிடையாது. அரசு அங்கீகாரம் பெற்றது.

நகையை வைத்துப் பணம் புரட்டலாமா என்று கேட்கிறார்கள். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், மருந்துக்கடைக்காரர் வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்கள். காரணத்தோடு சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் வரிவரியாகச் சொல்லுங்கள்.

தஞ்சை எக்கோ அறை

அந்த 28, 41 என்ற கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாரும் நம்புவது அந்த எண்ணைத்தான்.

மாரடைப்பு வந்து ரத்தக்குழாய் திறக்கப்பட்ட பிறகு இதயத்தசையில் மூன்று வகை இருக்கும். செத்துப்போனது ஒன்று. உயிரோடு இருந்தும் அதிர்ச்சியில் வேலைநிறுத்தம் செய்வது இன்னொன்று. ரத்தம் போதாமல் உறங்கிக் கிடப்பது மூன்றாவது. இரண்டாவது வகை, நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானாக எழுந்துவிடும். உறங்கும் தசை, ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்து ரத்தம் போனால் மாதக்கணக்கில் மெல்ல எழும். மாரடைப்பு வந்த மறுநாள் எடுத்த எக்கோவையும் மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவையும் பக்கத்தில் வைத்தால், எந்த செல்லும் போடாமலே பலருக்குப் பம்பிங் ஏறியிருக்கும். ஆபத்தான துடிப்பை அதிர்வு கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி கருவி வைக்கலாமா என்று முடிவெடுக்க மாரடைப்புக்குப் பின் 40 நாள், ஸ்டென்ட்டுக்குப் பின் 90 நாள் பொறுக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது அளவெடுப்பு. இடது வென்ட்ரிக்கிளை (உடம்புக்கு ரத்தம் தள்ளும் கீழறையை) நுனியிலிருந்து இரண்டு கோணத்தில் பார்த்து, உள்விளிம்பைக் கையால் வரைந்து கணக்கிடுகிறோம். நெஞ்சில் வைக்கும் புரோப் கருவியை ஒரு விலா இடைவெளி மேலே வைத்துவிட்டால் இதயத்தின் நுனி வெட்டுப்பட்டுத் தெரியும், அறை குட்டையாகத் தெரியும், பம்பிங் கூடுதலாக வரும். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிக்கு ஒரே துடிப்பை அளந்தால் எண் எங்கோ போகும். குறைந்தது ஐந்து துடிப்பைச் சராசரி எடுக்க வேண்டும். ஒரே நோயாளியை இரண்டு பேர் அளந்தால் 5 புள்ளி வித்தியாசம் சாதாரணம், 10 வரைகூடப் போகும்.

நோட்டீஸில் பார்க்க வேண்டியவை: முதல் எக்கோ மாரடைப்பு வந்து எத்தனை நாளில் எடுத்தது? இடையில் ஸ்டென்ட் வைத்தார்களா? மாத்திரை எதையாவது புதிதாகத் தொடங்கினார்களா? இரண்டையும் ஒரே ஆள், ஒரே மிஷினில், எது முன் எது பின் என்று தெரியாமல் அளந்தாரா? இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த 13 புள்ளியை ஸ்டெம் செல் கணக்கில் எழுத முடியாது.

திருச்சி செல் ஆய்வகம்

எக்கோ அக்கா சொன்னதற்கு நேரடிச் சான்று உண்டு. 2006-இல் வெளிவந்த ரிப்பேர்-ஏ.எம்.ஐ என்ற ஆய்வில் 204 நோயாளிகள். எல்லாருக்கும் மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. எல்லாருக்கும் எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். பாதிப் பேருக்குச் செல், பாதிப் பேருக்கு வெறும் திரவம். நாலு மாதத்தில் செல் போனவர்களுக்குப் பம்பிங் சராசரியாக 5.5 புள்ளி ஏறியது. வெறும் திரவம் போனவர்களுக்கும் 3 புள்ளி ஏறியது. ஆக, செல்லால் கிடைத்ததாகச் சொல்லக்கூடியது 2.5 புள்ளி. நோட்டீஸின் 13 எங்கே, இது எங்கே.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் அண்ணன் விளக்கிச் சொல்ல வசதியாக இருக்கும். குப்புறப் படுக்கவைத்து, பின்பக்க இடுப்பெலும்பு மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, கெட்டியான ஊசியை எலும்புக்குள் இறக்கி, ஹெப்பாரின் தடவிய சிரிஞ்சில் 50 மில்லி உறிஞ்சுவார்கள். ஒரே துளையில் நின்றபடி இழுத்தால் முதல் சில மில்லிதான் மஜ்ஜை, அப்புறம் வருவது வெறும் ரத்தம். அதனால் ஊசியைத் திருப்பித் திருப்பி, இடம் மாற்றி எடுக்க வேண்டும். பிறகு ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்றினால், சிவப்பணு அடியில் போய்விடும், நடுவில் பால் ஆடை மாதிரி மெல்லிய வெள்ளை வளையம் நிற்கும். அந்த வளையத்தை மட்டும் பிப்பெட்டில் எடுத்துக் கழுவி, 10 மில்லி திரவத்தில் கலக்குகிறோம். அடைப்பு இருந்த ரத்தக்குழாயில், ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே பலூனை ஊதி, 3 நிமிடம் ஓட்டத்தை நிறுத்தி மூன்றில் ஒரு பங்கைச் செலுத்துவது. பலூனைத் தளர்த்தி 3 நிமிடம் ரத்தம் ஓட விடுவது. இப்படி மூன்று முறை.

இனி எண்ணிக்கை. அந்த ஆய்வில் சராசரியாகப் போனது சுமார் 23.6 கோடி செல். நிறையத்தான் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ரத்தக்குழாய் வழியாகப் போட்ட, வகை பிரிக்காத மஜ்ஜைச் செல்லைக் கதிரியக்கக் குறியிட்டுப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்தில் இதயத்தில் நின்றது 2 சதவீதம் அளவுதான். மீதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விட்டது. 2 சதவீதம் என்றால் 47 லட்சம். அதில் ஸ்டெம் செல் வகையறா நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால் 47 ஆயிரம். பெரிய மாரடைப்பில் சாகும் தசைச் செல் 100 கோடி அளவில் இருக்கும். 21 ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் ஊர்க் கணக்கில், ஒரு வேலி நிலம் முழுக்க நாற்று அழுகிப்போன இடத்தில், ஒரு சின்னப் பாய் விரிக்கும் இடத்துக்கு மட்டும் நாற்று கொண்டுபோகிற கதை. அந்த நாற்றும் நெல் நாற்று இல்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

மன்னை மருந்துக்கடை

நெல் நாற்று இல்லை என்றால்? மஜ்ஜைச் செல் இதயத்தசையாக மாறாதா? "செத்த தசை மீண்டும் வளரும்" என்ற வரியைத்தானே எல்லாரும் விரலை வைத்துக் காட்டுகிறார்கள்.

திருச்சி செல் ஆய்வகம்

மாறாது. மாறுகிறது என்று 2001-இல் நேச்சர் இதழில் எலிகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. உலகமே அதன் பின்னால் ஓடியது. 2004-இல் அதே இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, மரபணுக் குறியிட்ட செல்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தன. மஜ்ஜைச் செல் ரத்தச் செல்லாகவே இருந்தது, தசையாகவில்லை.

முதல் கட்டுரையின் பின்னணியில் இருந்தவர் பியரோ அன்வெர்சா. இதயத்துக்குள்ளேயே சி-கிட் என்ற குறியுள்ள ஸ்டெம் செல் இருக்கிறது என்றும் அவர் குழு தொடர்ந்து எழுதியது. 2018-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளில் பொய்யான, திருத்தப்பட்ட தரவு இருப்பதாகச் சொல்லி, அவற்றைத் திரும்பப் பெறும்படி இதழ்களைக் கேட்டன. நோட்டீஸ் அடிப்பவர்கள் இன்னமும் அந்தக் காலத்துப் படங்களைத்தான் போடுகிறார்கள்.

வளர்ந்த மனிதனின் இதயத்தசை தானாகப் புதுப்பிக்கும் வேகம் 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம், 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து 2009-இல் கண்டுபிடித்தார்கள்.

நாகை கேத் லேப்

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். செல் சிகிச்சை முழுக்கப் பொய் என்ற இடத்துக்குப் போய்விடாதீர்கள் தம்பி. ரிப்பேர்-ஏ.எம்.ஐ வந்த அதே 2006-இல் நார்வேயின் ஆஸ்டாமி ஆய்வு 100 பேரை வைத்து, பலன் இல்லை என்றது. ஏன் இந்த முரண் என்று தேடியபோது செல்லைத் தயாரித்த முறையே வேறு என்று தெரிந்தது. பிரிக்கும் திரவம் வேறு, இரவு முழுக்க வைத்திருந்த ஊடகம் வேறு. நார்வே முறையில் தயாரித்த செல்லுக்கு இடம்பெயரும் திறன் குறைந்திருந்தது. கலவையில் சிவப்பணு எஞ்சியிருந்தால் செல்லின் திறன் சரிகிறது. ஹெப்பாரின் மிகுந்தாலும் செல் தனக்கான இடத்தைத் தேடிப் போகும் சமிக்ஞை மழுங்குகிறது. விதை நேர்த்தி சரியில்லாமல் போட்டுவிட்டு ரகமே மோசம் என்று சொல்வது நியாயமா?

திருச்சி செல் ஆய்வகம்

நியாயமான கேள்வி அண்ணே. தயாரிப்பு முறையில் சொன்னதெல்லாம் சரி. ஆனால் நோயாளிக்கு வேண்டியது பம்பிங் எண் இல்லை, உயிர். அதைப் பார்க்கத்தான் ஐரோப்பாவில் பாமி என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 3000 பேரைச் சேர்ப்பது திட்டம். 375 பேர்தான் சேர்ந்தார்கள். 2020-இல் வந்த முடிவு: இரண்டு ஆண்டில் இறப்பு செல் குழுவில் 3.26 சதவீதம், மற்றதில் 3.82. இத்தனை சிறிய எண்ணிக்கையில் இந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது. ஸ்டென்ட்டும் மாத்திரையும் சரியாகக் கிடைக்கும் இடத்தில் இறப்பே குறைவு. அதற்கு மேல் செல் எதைக் காட்டுவது?

ஜெர்மனியின் பூஸ்ட் ஆய்வையும் பாருங்கள். ஆறு மாதத்தில் செல் குழு 6.7 புள்ளி, மற்றது 0.7. பிரமாதம். 18 மாதத்தில் 5.9-ம் 3.1-ம். வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. பின்னால் ஓடியவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

நாகை கேத் லேப்

ஒப்புக்கொள்கிறேன். இதயச் செயலிழப்புக்கு, கொடையாளியின் மீசென்கைமல் செல்லை (மஜ்ஜையில் உள்ள இன்னொரு வகை ஸ்டெம் செல்) இதயத்தின் உள்சுவரில் ஊசியாகப் போட்ட ட்ரீம்-எச்.எஃப் ஆய்விலும், 500-க்கு மேற்பட்டவர்கள் இருந்தும், எதைக் குறிவைத்தார்களோ அது கிடைக்கவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் அது அடுத்த ஆய்வுக்கான கேள்வி. நோட்டீஸ் அடிக்கும் அளவு முடிவு இல்லை.

"பக்கவிளைவு இல்லை" என்ற வரிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அது கேத் லேபில் கண்ணெதிரே நடப்பது.

மீசென்கைமல் செல் 15 முதல் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பருமன். மிகச் சிறிய ரத்தக்குழாயான தந்துகியின் விட்டம் 5 முதல் 8 மைக்ரான். கை நரம்பில் டிரிப் போல ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலிலேயே மாட்டிக்கொள்ளும், இதயத்துக்குப் போகாது. இதய ரத்தக்குழாயில் நேராகச் செலுத்தினால் தந்துகியை அடைக்கலாம். நாய்களில் இப்படிச் செலுத்தியபோது குட்டிக் குட்டி மாரடைப்பு வந்தது. உள்சுவரில் ஊசி போடும் முறையில், தசை மெலிந்த இடத்தில் குத்தினால் ஓட்டை விழுந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கும். முன்கூட்டி வரைபடம் எடுத்து, சுவர்ப் பருமன் பார்த்து, ஊசியின் நீளத்தை அதற்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். தொடைத் தசையிலிருந்து மயோபிளாஸ்ட் என்ற இளம் தசைச் செல்லை எடுத்துப் போட்ட காலத்தில், 2000-களின் தொடக்கத்தில், ஆபத்தான வென்ட்ரிக்கிள் துடிப்புக் கோளாறு வந்து, ஐ.சி.டி வைத்துவிட்டுத்தான் ஆய்வையே நடத்தினார்கள். அதுவும் நோயாளியின் சொந்தச் செல்தான்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து எல்லாரிடமும் சொல்லுங்கள். மஜ்ஜை எடுப்பதற்காக குளோபிடோக்ரெல், ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால், ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆனவர் நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் அங்கேயே உயிர் போகலாம். ரிப்பேர்-ஏ.எம்.ஐ-யில் ஸ்டென்ட் வைத்து ஒரு வாரத்துக்குள், மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே, மஜ்ஜை எடுத்தார்கள். எடுத்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும்.

மன்னை மருந்துக்கடை

அரசு அங்கீகாரம்?

திருவாரூர் நெறிமுறைக் குழு

கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2017 வழிகாட்டியின்படி, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது ரத்தம் சார்ந்த நோய்களுக்கு மட்டும். லுக்கீமியா, தலசீமியா போன்றவை. இதயம் உட்பட மற்றவையெல்லாம் மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ தளத்தில் பதிவு ஆகிய மூன்றும் வேண்டும். சி.டி.ஆர்.ஐ எண் மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள். அது பதிவு, அனுமதி ஆகாது. அந்த எண்ணைத் தளத்தில் போட்டுப் பாருங்கள்: என்ன நோய்க்கு, எந்த மருத்துவமனையில், ஆள் சேர்ப்பது இன்னும் நடக்கிறதா என்று வரும். முழங்கால் ஆய்வின் எண்ணை இதயத்துக்குக் காட்டினால் அங்கேயே பிடிபடும்.

ஆய்வில் சேருபவரிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. அதனால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இது ஆய்வா, சிகிச்சையா?" ஆய்வு என்றால் காசு ஏன்? சிகிச்சை என்றால் அனுமதி எங்கே?

குடந்தை ரத்தநாளம்

திருவாரூர் சார் சொன்னதில் சின்னத் திருத்தம். பீடி, சிகரெட்டால் கால் ரத்தக்குழாய் அடைத்துப் புண்ணாகும் பர்ஜர் நோய்க்கு, பெங்களூரு நிறுவனம் ஒன்று மஜ்ஜைக் கொடையாளிகளிடமிருந்து வளர்த்த ஸ்டெம்பியூசெல் என்ற தயாரிப்புக்கு 2016-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் வரம்போடு அனுமதி கொடுத்தார். நோட்டீஸ்காரர்கள் "அரசு அங்கீகாரம்" என்று சொல்லும்போது இதைத்தான் இழுக்கிறார்களோ என்று சந்தேகம். அந்த 2016 அனுமதி காலுக்கு, அந்த ஒரு நோய்க்கு, அந்த ஒரு தயாரிப்புக்கு. உங்கள் இடுப்பிலிருந்து எடுத்து இதயத்தில் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திருவாரூர் நெறிமுறைக் குழு

திருத்தம் சரி. நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தஞ்சை எக்கோ அறை

நாகை அண்ணன் சொன்ன நம்பிக்கைக்கும் இடம் கொடுக்கலாம், ஆனால் சரியான இடத்தில். மஜ்ஜை இல்லை, ஐ.பி.எஸ் செல். யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் தோல் செல்லைக் கருநிலைக்குத் திருப்பிய முறை. அதிலிருந்து உண்மையான, துடிக்கிற இதயத்தசையை ஆய்வகத்தில் வளர்க்க முடிகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு வளர்த்த, 40 கோடி செல் கொண்ட தசை ஒட்டை 46 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தின் மேல் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுத்த பழைய இதயத்தைப் பார்த்தபோது ஒட்டு உயிரோடு இருந்தது, ரத்தக்குழாயும் ஓடியிருந்தது. 2025 ஜனவரியில் நேச்சரில் வந்தது. இது நெல் நாற்றுதான் தம்பி.

திருச்சி செல் ஆய்வகம்

ஆமாம் அக்கா, இது நெல் நாற்றுதான். ஆனால் வேறொருவரின் செல் என்பதால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தொடர்ந்து வேண்டும். தசைக்குள் ஊசியாகப் போட்டால் துடிப்புக் கோளாறு வருகிறது. குரங்குகளுக்கு 100 கோடி செல் போட்ட 2014 ஆய்வில் அதைத் தெளிவாகப் பார்த்தார்கள். புதுத் தசை இன்னும் முதிராதது, தானாகவே துடிக்கும், பழைய தசையின் தாளத்தோடு சேர நாளாகும். இது ஆய்வு மையங்களில் நடக்கிற வேலை. இடுப்பெலும்பில் குத்திக் காலையில் எடுத்து மாலையில் போடுவது இது இல்லை.

நாகை கேத் லேப்

மஜ்ஜைச் செல்லால் வந்த அந்தச் சின்னப் பலனுக்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. 2019 கடைசியில் வந்த எலி ஆய்வில், உயிருள்ள செல்லைப் போட்டாலும், செத்த செல் துணுக்கைப் போட்டாலும், சைமோசான் என்ற அழற்சி தூண்டியைப் போட்டாலும் இதயம் ஒரே மாதிரி தேறியது. மேக்ரோஃபேஜ் என்ற, கழிவை விழுங்கும் எதிர்ப்புச் செல்கள் வந்து தழும்பை இன்னும் நல்ல விதமாகக் கட்டின. செல் விதையாக வேலை செய்யவில்லை, மண்ணைக் கிளறிவிட்டது. என் விதை நேர்த்தி வாதத்துக்கு இதுவே பதில்.

மன்னை மருந்துக்கடை

இப்போது பதில் சொல்ல முடியும். நோட்டீஸோடு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. கல்லாப்பெட்டி பக்கம் ஒட்ட ஒரு தாள் எழுதியிருக்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்:

"பம்பிங் 40-க்குக் கீழே என்றால் நாலு வகை மருந்து இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒன்று, பீட்டா பிளாக்கர். மெட்டோப்ரோலால் சக்சினேட் 25-இல் தொடங்கி 200 மில்லிகிராம் வரை, அல்லது கார்வெடிலால் 3.125 இரண்டு வேளையில் தொடங்கி 25 இரண்டு வேளை வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவது. இரண்டு, எனலாப்ரில் வகை அல்லது அதற்குப் பதில் சாக்குபிட்ரில்-வால்சார்டன். மூன்று, ஸ்பைரோனோலாக்டோன் 25. நாலு, டாபாகிளிஃப்ளோசின் 10. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் டாக்டரைப் பாருங்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாய் குறையுங்கள்."

தஞ்சை எக்கோ அறை

நல்ல தாள். ஆனால் நம் பகுதிக்கென்று இரண்டு சேர்க்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோனும் இரண்டாவது மருந்தும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தென்னை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் இரண்டு இளநீர் குடிக்கிறார்கள். ஓர் இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். மருந்து தொடங்கி ஒரு வாரத்திலும் நாலு வாரத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், 6-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும்.

அப்புறம் இந்துப்பு. அது பொட்டாசியம் உப்பு, இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. இந்துப்பு பெரும்பாலும் நம் சமையல் உப்பேதான், சோடியம் குளோரைடு. மாறாக, "சோடியம் குறைந்த உப்பு" என்று பாக்கெட்டில் விற்பதில்தான் பொட்டாசியம் கலந்திருக்கிறது. இந்த மருந்து சாப்பிடுபவருக்கு அது ஆபத்து.

குடந்தை ரத்தநாளம்

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் என்றால் டாபாகிளிஃப்ளோசினை அந்த நாட்களுக்கு நிறுத்தி டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். இதையும் தாளில் எழுதுங்கள்.

திருவாரூர் நெறிமுறைக் குழு

நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வரி. ஸ்டெம் செல் தேடி வருகிற பலர், முதல் நாள் வாயு என்று பூண்டு தின்றுவிட்டு ராத்திரியைக் கழித்ததால் தசையை இழந்தவர்கள். வேதாரண்யம், கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூருக்கு நூறு கிலோமீட்டர் வரும். அந்தப் பயணத்துக்கு முன்பே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மருந்து கிடைக்கும். "இதயம் காப்போம்" திட்டத்தில் 14 மாத்திரை: ஆஸ்பிரின் 150 இரண்டு, குளோபிடோக்ரெல் 75 நாலு, அடோர்வாஸ்டாட்டின் 10 எட்டு. அதைப் போட்டுக்கொண்டு 108-இல் கிளம்பலாம்.

மன்னை மருந்துக்கடை

எல்லாம் சேர்த்துவிட்டேன். நாளை அச்சுக்குப் போகிறது.

நாகை கேத் லேப்

அச்சுக்கு முன் ஒரு நிமிடம். இரண்டாவது மருந்தில் "அல்லது அதற்குப் பதில்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டீர்கள். எனலாப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் சாக்குபிட்ரில்-வால்சார்டன் முதல் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும். வீட்டில் மீந்த பழைய அட்டையை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கலாம் என்று இரண்டையும் கலந்து சாப்பிடுவார்கள். அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள், புது மாத்திரை கொடுக்கும்போது பழைய அட்டையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மன்னை மருந்துக்கடை

போட்டாயிற்று. "36 மணி நேரம்" சிவப்பில்.